நெஞ்செரிச்சல் இருந்தால் எந்த எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களில் பலருக்கு நெஞ்செரிச்சலோ புளித்த எதுக்களிப்போ (இரைப்பையில் இருப்பது உணவுக்குழாயில் ஏறிவருவது) ஏற்கெனவே இருக்கும். வெறும் வாயுத் தொல்லை என்று எண்ணி, அதை டாக்டரிடம் சொல்லாமலே விட்டுவிடுவதும் உண்டு. எந்த அறுவை என்று முடிவெடுக்கும்போது, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐக்கும் சர்க்கரை நோய்க்கும் தரும் கவனத்தை இதற்கும் தர வேண்டும். ஒரு வகை அறுவை எதுக்களிப்பைப் பெரும்பாலும் அடக்கிவிடும்; இன்னொரு வகை அதைக் கூட்டிவிடும், இல்லாதவருக்கும் சில சமயம் கொண்டுவந்துவிடும்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உணவுக்குழாயில் அமிலத்தால் புண்ணோ திசு மாற்றமோ ஏற்பட்டிருந்தால் இரைப்பையை வெட்டிக் குறுகிய குழாயாக்கும் ஸ்லீவை ஒதுக்கிவிட்டு, இரைப்பையில் சிறு பையை மட்டும் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கும் ரூ-என்-ஒய் பைபாஸிலிருந்து யோசிக்கத் தொடங்குங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால், இல்லை என்பதைப் பரிசோதனையில் உறுதி செய்துகொண்ட பிறகு ஸ்லீவைப் பற்றிப் பேசலாம். எரிச்சல் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. கடுமையான எரிச்சல் உள்ள சிலருக்கு உணவுக்குழாய் சுத்தமாக இருக்கும். எந்தத் தொந்தரவும் சொல்லாத சிலருக்கு எண்டோஸ்கோபியில் புண் தெரியும்.

அமிலம் ஏன் மேலே வருகிறது

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் மூன்று தடுப்புகள் உள்ளன. ஒன்று, உணவுக்குழாயின் அடியில் இறுக்கிப் பிடிக்கும் வட்டத்தசை. இரண்டு, அதே மட்டத்தில் வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசை. மூன்று, உணவுக்குழாய் இரைப்பைக்குள் சாய்வாக நுழைவதால் உண்டாகும் கூர்மையான கோணம்; இரைப்பை நிறையும்போது அதன் மேற்பகுதி இந்தக் கோணத்தை அழுத்தி வாசலை மூடுகிறது. வயிற்றுக் கொழுப்பு கூடும்போது வயிற்றுக்குள் அழுத்தம் உயர்ந்து மூன்றுக்கும் சோதனை வருகிறது. இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத் துளை வழியாக மார்புக்குள் ஏறிவிட்டால் அதுதான் ஹயாடல் ஹெர்னியா. அப்போது வட்டத்தசை ஓரிடத்திலும் உதரவிதானம் வேறிடத்திலும் நிற்பதால் இரண்டும் சேர்ந்து வேலை செய்ய முடிவதில்லை.

எடை குறைந்தால் அழுத்தம் குறையும் என்பதால் எந்த அறுவை செய்தாலும் எதுக்களிப்பு ஓரளவு குறைய வேண்டும் என்று தோன்றும். சிலருக்கு அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அறுவையே இந்தத் தடுப்புகளில் ஒன்றைக் கலைத்துவிட்டால், எடை குறைந்ததால் கிடைத்த லாபம் அதில் போய்விடும்.

முடிவுக்கு முன் செய்ய வேண்டிய பரிசோதனைகள்

முதலில் எண்டோஸ்கோபி. எதுக்களிப்பு இருக்கிறவருக்கு இது இல்லாமல் அறுவை வகையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அறிக்கை கையில் வந்ததும் ‘நார்மல்’ என்ற சொல்லோடு நின்றுவிடாமல் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

உணவுக்குழாய் அழற்சி இருந்தால் அதை லாஸ் ஏஞ்சலஸ் அளவுகோலில் ஏ முதல் டி வரை குறிப்பார்கள். 5 மி.மீ.க்கு மேற்படாத சிறு கீறல் ஏ. அதைவிட நீளமாக இருந்தும் மடிப்புகளுக்கிடையே ஒன்றோடொன்று சேராமல் இருந்தால் பி. மடிப்புகளைத் தாண்டிச் சேர்ந்து, சுற்றளவில் 75 சதவீதத்துக்குக் குறைவாகப் பரவியிருந்தால் சி. அதற்கு மேல் போனால் டி. ஏ என்பது நோயில்லாதவர்களிடமும் தென்படும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டுவதில்லை. சி, டி இரண்டும் ஐயத்துக்கு இடமில்லாத எதுக்களிப்பு நோய்.

அடுத்து பாரெட் மாற்றம். அமிலம் பல ஆண்டுகள் பட்டதால் உணவுக்குழாயின் உள்தோல் குடல்தோல் போல மாறிவிடுவது இது. புற்றுநோய்க்கு முந்தைய கட்டமாகலாம் என்பதால் சந்தேகமான இடத்தில் பயாப்ஸி எடுத்திருக்க வேண்டும். மூன்றாவது, ஹயாடல் ஹெர்னியா இருக்கிறதா, எத்தனை செ.மீ. என்பது. நான்காவது, இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி. பைபாஸ் செய்வதானால் இதை முன்கூட்டியே ஒழித்துவிடுவது நல்லது. மூச்சு அல்லது மலச் சோதனையில் இதைப் பார்ப்பதானால் ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற அமிலத் தடுப்பு மாத்திரைகளை 2 வாரமும், ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம்.

எண்டோஸ்கோபியில் சி, டி அழற்சியோ உறுதியான பாரெட்டோ தெரிந்தால் நோய் நிரூபணமாகிவிட்டது. மேற்கொண்டு அமிலம் அளக்க வேண்டியதில்லை. தொந்தரவு இருந்தும் எண்டோஸ்கோபி தெளிவாகச் சொல்லவில்லை என்றால், உணவுக்குழாயில் அமிலம் படுவதை அளக்கும் பிஎச் சோதனை செய்ய வேண்டும். மூக்கு வழியாக மெல்லிய குழாய் போட்டு 24 மணி நேரம் அளப்பது ஒரு முறை. உணவுக்குழாயில் சிறு கேப்சூலைப் பொருத்தி 96 மணி நேரம் வரை அளப்பது இன்னொரு முறை. அமிலத் தடுப்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட்டுச் செய்வது வழக்கம். மொத்த நேரத்தில் அமிலம் பட்ட நேரம் 6 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நோய் உறுதி. 4 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் இயல்பு. இடைப்பட்டதற்கு மற்றச் சான்றுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமிலம் இயல்பாக இருந்தும் எரிச்சல் இருக்கிறது என்றால் அது உணவுக்குழாயின் அதீத உணர்திறனாக இருக்கலாம். அதை எந்த அறுவையும் சரிசெய்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

உணவு விழுங்கும்போது தடைபட்டால், அல்லது மாத்திரைக்குத் தொந்தரவு கொஞ்சமும் கேட்கவில்லை என்றால் மேனோமெட்ரி அவசியம். உணவுக்குழாய் அழுத்திக் கீழே தள்ளும் வலிமையை இது காட்டும். அகலேசியா என்ற, கீழ்த்தசை திறக்காத நோய் எதுக்களிப்பைப் போலவே வேஷம் போடும். அதைக் கண்டுபிடிக்காமல் ஸ்லீவ் செய்துவிட்டால் நிலைமை மோசமாகும். பெரிய ஹெர்னியா இருந்தால், பேரியம் திரவத்தைக் குடிக்க வைத்து எடுக்கும் பேரியம் எக்ஸ்ரே அதன் வடிவத்தை எண்டோஸ்கோபியைவிடத் தெளிவாகக் காட்டும். நீண்ட நாள் சர்க்கரை நோயோடு, சாப்பிட்டது மணிக்கணக்கில் வயிற்றிலேயே நிற்கிறது என்பவர்களுக்கு இரைப்பை காலியாகும் வேகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.

ஸ்லீவ் ஏன் எதுக்களிப்புக்கு ஒத்துவருவதில்லை

ஸ்லீவில் இரைப்பையின் வெளிவளைவுப் பக்கம் சுமார் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, குறுகிய குழாய் போன்ற பகுதியை மட்டும் விடுகிறார்கள். வாய்வழியாக 36 முதல் 40 பிரெஞ்ச் அளவுள்ள, அதாவது சுமார் 12 அல்லது 13 மி.மீ. தடிமனுள்ள குழாயை உள்ளே வைத்து அதை ஒட்டித் தையல் போடுவது பரவலான முறை. குடலில் கை வைப்பதில்லை. அறுவை நேரமும் குறைவு. இவையெல்லாம் உண்மையான நன்மைகள். இதனால்தான் உலகில் அதிகமாகச் செய்யப்படும் எடைக்குறைப்பு அறுவையாக இது இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், உணவு வரும்போது தளர்ந்து இடம் கொடுக்கும் இரைப்பையின் மேற்பகுதி முழுதாகப் போய்விடுகிறது. மிஞ்சுவது விரியாத குழாய். அதன் கீழ்முனையில் பைலோரஸ் என்ற இறுக்கத்தசை அப்படியே இருக்கிறது. எனவே உள்ளே அழுத்தம் உயர்கிறது. அது வெளியேற மேல்வாசல்தான் எளிய வழி. வெட்டுக்கோடு உணவுக்குழாய்க்கு மிக அருகில் போனால் முன்பு சொன்ன கோணத்தைத் தாங்கும் தசைநார்களும் அறுபடும்.

கைவேலையாலும் பிரச்சினை வரலாம். இரைப்பை வளையும் இடத்தில் தையல் நெருங்கிக் குழாய் இறுகிவிடுவது, குழாய் திருகிக்கொள்வது, மேலே சிறு பை போல மிச்சம் விட்டுவிடுவது, ஹெர்னியாவைக் கவனிக்காமல் விடுவது என எல்லாமே எதுக்களிப்பில் கொண்டுபோய் விடும். சில ஆண்டுகள் கழித்து ஸ்லீவ் குழாயே மார்புக்குள் நகர்ந்துவிடுவதும் உண்டு.

சுவிட்சர்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்டு 5 ஆண்டுகள் பார்த்த ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. ஏற்கெனவே எதுக்களிப்பு இருந்தவர்களில் அது முற்றிலும் நின்றது ஸ்லீவில் 25 சதவீதத்தினருக்கு, பைபாஸில் சுமார் 60 சதவீதத்தினருக்கு. மோசமானது ஸ்லீவில் சுமார் 32 சதவீதம், பைபாஸில் சுமார் 6 சதவீதம். பின்லாந்தில் 10 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில் எண்டோஸ்கோபியில் அழற்சி தெரிந்தவர்கள் ஸ்லீவில் 31 சதவீதம், பைபாஸில் 7 சதவீதம். அதே ஆய்வில் பாரெட் இரு பக்கமும் 4 சதவீதம்தான் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்: ஸ்லீவ் செய்தால் புற்றுநோய் வந்துவிடும் என்ற பயமுறுத்தலுக்கு அந்த ஆய்வில் ஆதாரமில்லை.

பாரெட் ஏற்கெனவே இருப்பவர் ஸ்லீவைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. பேச்சில் அது அதிகம் வருவதில்லை. பின்னாளில் உணவுக்குழாயை எடுக்க நேர்ந்தால் இரைப்பையை மேலே இழுத்துத்தான் புதிய உணவுக்குழாய் அமைப்பார்கள். ஸ்லீவில் அதற்கு வேண்டிய பகுதி வெட்டி எறியப்பட்டிருக்கும்.

ரூ-என்-ஒய் பைபாஸ்

இதில் இரைப்பையின் மேல்நுனியில் 30 மி.லி.க்கு மேற்படாத சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். மீதி இரைப்பை உடலுக்குள்ளேயே இருக்கும். உணவு மட்டும் அதன் வழியாகப் போகாது. பித்தமும் கணையநீரும் 100 முதல் 150 செ.மீ. கீழே வந்துதான் உணவோடு சேரும்.

எதுக்களிப்பு அடங்குவதன் காரணம் இந்த அமைப்பிலேயே இருக்கிறது. சிறு பையில் அமிலம் சுரக்கும் செல்கள் மிகக் குறைவு. பைக்குக் கீழே இறுக்கத்தசை எதுவும் இல்லாததால் அழுத்தம் தேங்குவதில்லை. பித்தம் ஏறிவர நடுவே அவ்வளவு நீளக் குடல் இருக்கிறது. ஆகவே அதிக எடையோடு கடுமையான எதுக்களிப்பும் இருப்பவருக்கு, இரைப்பையை உணவுக்குழாயைச் சுற்றிக் கட்டும் ஃபண்டோப்ளிகேஷனைவிட பைபாஸையே பல சர்ஜன்கள் சொல்கிறார்கள். அதிக எடையில் அந்தக் கட்டு தளர்ந்துபோகும் வாய்ப்பு கூடுதல். எடையும் அப்படியே நிற்கும்.

விலையில்லாமல் இது கிடைப்பதில்லை. பையும் குடலும் சேரும் இணைப்பில் புண் வரலாம். புகையிலையும், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலிமாத்திரைகளும் இதற்கு முக்கியக் காரணங்கள். புகைப்பதை விட முடியாதவர், மூட்டுவாதத்துக்காகத் தினமும் இந்த மாத்திரை வேண்டியவர் இருவரும் பைபாஸுக்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். புண் வந்துவிட்டால் அமிலத் தடுப்பு கேப்சூலைத் திறந்து உள்ளிருக்கும் மருந்தை எடுத்துக்கொள்வது, முழுதாக விழுங்குவதைவிட விரைவாக ஆற்றுகிறது. சிறிய பையில் கேப்சூல் கரைய நேரம் கிடைப்பதில்லை என்பதே காரணம். ஆனால் எந்த கேப்சூலைத் திறக்கலாம் என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

குடலை மாற்றி அமைத்ததால் உள்ளே உண்டாகும் இடைவெளியில் குடல் நுழைந்து மாட்டிக்கொள்வது இன்னொரு ஆபத்து. எடை நன்றாகக் குறைந்த பிறகு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்தும் இது வரும். விட்டுவிட்டுப் பிடிக்கும் மேல்வயிற்று வலி, சில சமயம் முதுகுக்கும் பரவும். சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். சிடி ஸ்கேன் வேண்டும், அதுவும் சந்தேகமாகவே இருந்தால் சிறு துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோபி செய்ய வேண்டும். அந்த இடைவெளிகளைத் தைத்து மூடுவீர்களா என்று சர்ஜனிடம் முன்பே கேட்பது நியாயமான கேள்விதான்.

இனிப்பு அதிகம் சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வருவதும், சாப்பிட்டு 1 முதல் 3 மணி நேரத்தில் சர்க்கரை இறங்கிவிடுவதும் சிலருக்கு நேரும். ஒதுக்கிய இரைப்பையை வழக்கமான எண்டோஸ்கோபியில் பார்க்க முடியாது. குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் வலுவாக இருந்தால் இதைச் சொல்லியாக வேண்டும். பித்தக்குழாயில் கல் வந்தால் எண்டோஸ்கோபி மூலம் எடுப்பதும் கடினமாகிவிடும். தைராய்டு, வலிப்பு, மனநல மருந்துகளின் உறிஞ்சுதல் மாறக்கூடும் என்பதால் அளவை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுக்க. கால்சியம் நாளுக்கு 1200 முதல் 1500 மி.கி., சிட்ரேட் வடிவில், பிரித்துப் பிரித்து. அமிலம் குறைந்த வயிற்றிலும் அதுதான் சேரும். பி12 வாய்வழியானால் நாளுக்கு 350 முதல் 1000 மைக்ரோகிராம். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மி.கி. இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் போட்டால் இரும்பு சேர்வதைக் கால்சியம் தடுக்கும். 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஸ்லீவ் செய்தவருக்கும் சத்து மாத்திரை வேண்டும், ஆனால் பைபாஸில் அலட்சியத்துக்கு இடமே இல்லை.

ஒற்றை இணைப்பு பைபாஸ், மற்ற வகைகள்

மினி பைபாஸ் என்று சொல்லப்படும் இதில் நீண்ட இரைப்பைப் பை, ஒரே ஒரு குடல் இணைப்பு. 150 முதல் 200 செ.மீ. குடலைத் தாண்டி இணைப்பார்கள். எடையும் சர்க்கரையும் நன்றாகக் குறைகின்றன, அறுவை எளிது. ஆனால் பித்தம் அந்த இணைப்பைக் கடந்தே போகிறது. பையை நீளமாக, குறுகலாக அமைத்தால் பித்தம் உணவுக்குழாய் வரை வருவது குறையும் என்றாலும் இல்லாமல் போய்விடாது. பித்த எதுக்களிப்பின் தொல்லை, அமில மாத்திரை அதைத் தடுக்காது என்பதே. கடுமையான அழற்சி, பாரெட், பெரிய ஹெர்னியா உள்ளவர்களுக்கு இதை முதல் தேர்வாக நாங்கள் சொல்ல மாட்டோம். லேசான எதுக்களிப்புதான் என்றால் பேசிப்பார்க்கலாம்.

டியோடினல் ஸ்விட்ச், சாடி என்ற அறுவைகள் இரண்டும் ஸ்லீவின் மேல் கட்டப்பட்டவை: முதலில் ஸ்லீவ் செய்து, அதோடு குடலின் பாதையையும் மாற்றுவார்கள். அதன் எதுக்களிப்புச் சிக்கலும் கூடவே வரும். இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிப் போடும் பேண்ட் என்ற பட்டை இப்போது அரிதாகிவிட்டது. வாசலை இறுக்குவதால் உணவுக்குழாய் விரிந்து எதுக்களிப்பு மோசமாகலாம், எனவே யோசிக்கவே வேண்டாம். வாய்வழியாக உள்ளிருந்தே தைத்து இரைப்பையைச் சுருக்கும் எண்டோஸ்கோபி ஸ்லீவில் மேற்பகுதி வெட்டப்படாமல் இருப்பதால் எதுக்களிப்பு குறைவாகவே தோன்றுகிறது. எடை இறங்குவதும் அறுவை ஸ்லீவைவிடக் குறைவு. பெரிய ஹெர்னியா இருந்தால் அதை இதில் சரிசெய்ய முடியாது.

உங்கள் நிலைக்கு எது

சி, டி அழற்சி, பாரெட், அல்லது பிஎச் சோதனையில் உறுதியான நோய்: ரூ-என்-ஒய் பைபாஸ். பி அளவு அழற்சியோடு தினமும் மாத்திரை வேண்டியிருந்தாலும் அதுவே பாதுகாப்பான பக்கம்.

எப்போதாவது எரிச்சல், மாத்திரை இல்லாமலே சமாளிப்பு, எண்டோஸ்கோபி சுத்தம், அமில அளவு இயல்பு: ஸ்லீவ் நியாயமான தேர்வு. எதுக்களிப்பு புதிதாக வரலாம் என்பதைத் தெரிந்து ஒப்புக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஹெர்னியா சிறிது, அழற்சி இல்லை: அறுவையின்போதே ஹெர்னியாவைத் தைத்துச் சரிசெய்துவிட்டு ஸ்லீவ் செய்வதுண்டு. பலருக்குப் பலன் தருகிறது. தையல் காலப்போக்கில் விரிந்துவிடவும் கூடும். ஹெர்னியா பெரிதாக இருந்தால் பைபாஸோடு சேர்த்துச் சரிசெய்வது மேல்.

முன்பே ஃபண்டோப்ளிகேஷன் செய்திருந்தால் அந்தக் கட்டை அவிழ்த்துத்தான் எடைக்குறைப்பு அறுவை செய்ய வேண்டியிருக்கும். அதை அவிழ்த்து ஸ்லீவாக மாற்றுவது பழைய நோயைத் திரும்ப அழைப்பதாகும், பைபாஸ்தான் பொருந்தும். கைதேர்ந்த இடத்தில் செய்துகொள்ளுங்கள், தையல் சிதைவு இதில் சாதாரண பைபாஸைவிட அதிகம்.

உண்மையான குழப்பம், எதுக்களிப்பும் கடுமை, பைபாஸுக்கும் தடை என்ற நிலையில்தான். சிறுகுடலில் கிரோன் என்ற நாட்பட்ட அழற்சி நோய், பழைய அறுவைகளால் குடல் முழுக்க ஒட்டிக்கிடப்பது, வலிமாத்திரையை நிறுத்தவே முடியாத நிலை, மாற்று உறுப்புக்காக நுட்பமான அளவில் மருந்து எடுப்பது போன்றவை. இங்கே ஒரே பதில் கிடையாது. முதலில் எடைக்குறைப்பு ஊசி மருந்தால் எவ்வளவு இறக்க முடியும் என்று பார்ப்பது, ஹெர்னியாவை மட்டும் தனியாகச் சரிசெய்வது, ஸ்லீவ் செய்து பின்னாளில் மாற்ற வேண்டி வரலாம் என்ற திட்டத்தோடு போவது என வாய்ப்புகளைக் குடல்நோய் மருத்துவரும் சர்ஜனும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். இப்படி எடைக்குறைப்புக்குப் போடும் ஜிஎல்பி-1 வகை ஊசி மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால் சிலருக்கு எதுக்களிப்பைக் கூட்டும். அவற்றைப் போட்டுக்கொண்டிருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வயிற்றில் மிச்சமிருக்கும் உணவு நுரையீரலுக்குப் போய்விடும் அபாயம் உண்டு.

அறுவைக்குப் பிறகு எதுக்களிப்பு வந்தால்

முதல் சில வாரங்களின் எரிச்சலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வீக்கம் வடிய நேரம் ஆகும், அமில மாத்திரையும் வழக்கமாகச் சில மாதங்களுக்குத் தருவார்கள். ஸ்லீவ் செய்தவருக்குக் குடித்த தண்ணீர்கூடத் திரும்பி வந்தால் அது எரிச்சலைத் தாண்டிய விஷயம். குழாய் குறுகியிருக்கிறதா என்று எண்டோஸ்கோபியும் பேரியமும் பார்க்க வேண்டும். குறுகிய இடத்தைப் பலூனால் விரிக்க முடியும். வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் தயாமின் (வைட்டமின் பி1) குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம். அப்போது குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயாமின் ஊசி போட்டாக வேண்டும்.

எரிச்சலுக்கு மாத்திரை கேட்கிறது, வாய்வரை நீர் ஏறுவது மட்டும் நிற்கவில்லை என்று பலர் சொல்வார்கள். மாத்திரை அமிலத்தைக் குறைக்குமே தவிர, ஏறிவருவதை நிறுத்தாது. இரவில் தலைப்பக்கம் உயர்த்திப் படுப்பது, படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிப்பது, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது ஓரளவு உதவும். அதற்கும் அடங்காத, அழற்சியோடு கூடிய எதுக்களிப்புக்கு ஸ்லீவை ரூ-என்-ஒய் பைபாஸாக மாற்றுவதே தீர்வு. பெரும்பாலானோருக்கு எதுக்களிப்பு நன்றாகக் குறையும். கூடுதல் எடை இறக்கத்தை இந்த மாற்றத்தில் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது.

பைபாஸ் செய்தவருக்கு எதுக்களிப்பு தொடர்ந்தால் பை பெரிதாக இருக்கிறதா, ஹெர்னியா விட்டுப்போயிற்றா, ஒதுக்கிய இரைப்பைக்கும் பைக்கும் இடையே தவறான வழி உண்டாகி அமிலம் வருகிறதா, இணைப்பில் புண்ணா என்று வரிசையாகத் தேட வேண்டும்.

தொந்தரவு இல்லாவிட்டாலும் அறுவை முடிந்த ஓராண்டில் ஓர் எண்டோஸ்கோபி, ஸ்லீவோ ஒற்றை இணைப்பு பைபாஸோ செய்தவர்களுக்கு அதன் பின் 2, 3 ஆண்டுக்கு ஒரு முறை என்று எடைக்குறைப்பு அறுவை நிபுணர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு பரிந்துரைக்கிறது. பாரெட் இருப்பவருக்கு எந்த அறுவை செய்திருந்தாலும் அதற்கான கண்காணிப்பு தனி அட்டவணையில் தொடரும். ரத்த வாந்தி, கருப்பு மலம், நாளுக்கு நாள் மோசமாகும் விழுங்கும் தடை, திடீர்க் கடும் வயிற்றுவலி ஆகியவற்றுக்கு அந்தத் தேதி வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், போன இடத்தில் என்ன அறுவை, எப்போது செய்தது என்று முதலில் சொல்லுங்கள்.